மூன்றாம் கிழமையில் நின்றுபோகும் நடை: வாசகர் கேள்வி – பதில்

நான்கு தடவை நடைப்பயிற்சி தொடங்கி நான்கு தடவையும் கைவிட்டுவிட்டேன். மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்புவேன். முதல் நாளே ஒரு மணித்தியாலம். இரண்டாம் கிழமை முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே முன் எலும்போடு நோவு தொடங்கிவிடும். வயது 38, அலுவலக வேலை. எங்கே பிழை?
– வாசகி, வெள்ளவத்தை

முதல் நாளின் அந்த ஒரு மணித்தியாலம்தான் பிழை. இதயமும் நுரையீரலும் இரண்டு மூன்று கிழமைகளில் பழகிவிடும், மூச்சு வாங்குவது குறையும். தசைநாணும் எலும்பும் அப்படியல்ல. அவை பலப்பட மாதங்கள் எடுக்கும். 'இன்னும் நடக்கலாம்' என்று மூச்சு சொல்லும் நாளில், கீழ்க்கால் எலும்பை ஒட்டிய தசைகள் ஏற்கெனவே களைத்திருக்கும்.

முதலில் நோவு முழுதாக ஆறட்டும். எலும்பின் உட்பக்க ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நான்கைந்து அங்குல நீளத்துக்குப் பரவலாக நொந்தால் பெரும்பாலும் மிகைப்பயிற்சியால் வந்தது, ஓய்வில் ஆறும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சுள்ளென்று நொந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ நடக்க வேண்டாம். எலும்பில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிறகு இப்படித் தொடங்குங்கள். முதல் கிழமை நாளுக்கு 10 நிமிடம், ஐந்து நாள். இரண்டாம் கிழமை 15, மூன்றாவது 20, நான்காவது 25, ஐந்தாவது 30. அப்போது கிழமைக்கு 150 நிமிடம் வரும். வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு அதுதான். முதல் கிழமையின் 10 நிமிடம் உங்களுக்குக் கேலியாகத் தோன்றும். தோன்றினாலும் கூட்டாதீர்கள், நான்கு தடவையும் உங்களை நிறுத்தியது அந்த அவசரம்தான். ஐந்து கிழமையும் நேரத்தை மட்டும் கூட்டுங்கள், வேகத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

வேகத்தை அளக்க மணிக்கூடு போதும். 15 செக்கனில் ஏறத்தாழ 25 அடி வைத்தால் மிதமான வேகம். அந்த வேகத்தில் ஒரு வசனம் பேச முடியும், பாட முடியாது. முதல் மூன்று நிமிடமும் கடைசி மூன்று நிமிடமும் மெதுவாக நடவுங்கள்.

செருப்போடு நடக்க வேண்டாம். அது கழன்றுவிடாமல் விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அந்த வேலை நேரே கீழ்க்கால் தசைக்குப் போகும். சப்பாத்தைப் பின்னேரம் வாங்குங்கள். பகல் முழுக்க நடமாடிய கால் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். கையால் வளைத்தால் விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிகிற சப்பாத்து கூடாது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடற்கரையோர ரயில் பாதையில் ஏறி நடக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சிலிப்பர் கட்டைகளின் இடைவெளி நம் அடிக்குப் பொருந்தாது, கடல் இரைச்சலில் ரயில் வருவதும் கேட்காது. நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் அதிகம். இடிச் சத்தம் கேட்டால் திறந்த வெளியில் நிற்கக் கூடாது. அந்த மாதங்களில் காலை நேரத்துக்கு மாறுங்கள். ஒரு நாள் தவறினால் அது தவறினதுதான், மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்ட வேண்டாம்.

வயது 52. சீனி வருத்தத்துக்கு மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். காலையில் பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு நடக்கப் போனால் தலை சுற்றி வியர்க்கிறது. உடற்பயிற்சி எனக்குச் சரிவராதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

சரிவரும், நேரத்தை மாற்றினால் போதும். கிளிக்லசைட், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதோடு நடையும் சேர்ந்தால் சீனி கீழே இறங்கிவிடும். மெட்போமின் தனியாக இப்படிச் செய்வது அரிது. ஆகவே வெறும் வயிற்று நடையை விட்டுவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு 10, 15 நிமிடம் நடவுங்கள். சாப்பிட்டதும் ஏறும் சீனியை அது நன்றாகக் கட்டுப்படுத்தும்.

தலை சுற்றினால் உடனே நின்று, கருவி இருந்தால் சீனியைப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கருவி இல்லாவிட்டாலும் குடியுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். இந்தத் தலைச்சுற்றலை கிளினிக்கில் சொல்லுங்கள், அவர்கள் மாற்றுவார்கள். நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், உணர்வு குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

தொடர்மாடியில் ஐந்தாம் மாடி. அம்மாவைத் தனியே விட்டு வெளியே போக முடியாது. முழங்கால் மடக்கினால் 'கடக்' என்று சத்தம், ஆனால் நோவில்லை. வீட்டுக்குள் என்ன செய்யலாம்?
– வாசகி, தெஹிவளை

நோவும் வீக்கமும் இல்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒரு கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். தரை ஓட்டில் பிளாஸ்டிக் கதிரை வழுக்கும். நுனியில் உட்கார்ந்து, குதிக்கால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரும்படி பாதத்தை இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து எழும்புங்கள். இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். எட்டுத் தடவை, ஒன்றரை நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. கஷ்டமாக இருந்தால் தலையணை வைத்து இருக்கையை உயர்த்துங்கள். அதேபோல் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது எட்டு. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குவது பத்து. ஒருநாள் விட்டு ஒருநாள், கிழமைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் இரண்டு தொடையும் பிடித்தாற்போல் இருப்பது இயல்பு. மூட்டு வீங்கினால் இயல்பல்ல. மாடிப்படி ஏறுவது நல்ல பயிற்சி, ஆனால் இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் கூட. ஏறிப் போங்கள், இறங்க லிஃப்டில் வாருங்கள்.

வயிற்றில் பொலித்தீன் சுற்றிக்கொண்டு நடந்தால் கொழுப்புக் கரையுமா?
– வாசகர், வத்தளை

கரையாது. குறைவது தண்ணீர்தான், இரண்டு கிளாஸ் குடித்ததும் எடை திரும்பி வரும். கொழும்பின் ஈரக் காற்றில் வியர்வை ஏற்கெனவே சரியாகக் காய்வதில்லை. அதையும் மூடிக் கட்டினால் உடம்புச் சூடு ஏறி மயக்கம் வரும். ஓர் இடத்துக் கொழுப்பை மட்டும் தனியே குறைக்கவும் வழியில்லை. மாதம் ஒருமுறை, காலையில் சாப்பிடுமுன், மூச்சை மெல்ல விட்டபின் தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து அளந்து எழுதி வையுங்கள். எப்போதும் அதே இடத்தில் அளக்க வேண்டும்.