இல்லினாய் பணமில்லாப் பிணை விவரங்கள்: நீதிமன்றம் தர மறுத்தால் யாரிடம் கேட்பது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பணம் கட்டாமலே பிணையில் விடும் முறை பற்றிய எண்களை நீதிமன்றம் உங்களுக்குத் தர மறுத்திருந்தால், காவலில் வைக்கக் கோரிய மனுக்களின் எண்ணிக்கையை மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்திடம் கேளுங்கள். இல்லினாயின் தகவல் சுதந்திரச் சட்டம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பதே நீங்கள் பெற்ற மறுப்புக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

2023 செப்டம்பர் 18 அன்று பணப்பிணை ஒழிந்தபின், விசாரணைக்கு முன் ஒருவரை அடைத்துவைக்கக் கோரும் மனுவைத் தாக்கல் செய்வது அந்த அலுவலகமே; அது தகவல் சுதந்திரச் சட்டத்துக்கு உட்பட்டது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. மனிதர்களின் விடுதலையைப் பற்றிய இந்த எண்களுக்காக ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருப்பது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

முதலில் மறுப்புக் கடிதத்தைப் பாருங்கள்: தகவல் தராமலிருக்க அனுமதிக்கும் விலக்குப் பிரிவு எதையும் சுட்டாமல், நீதிமன்றம் இச்சட்டம் கட்டுப்படுத்தும் ‘பொது அமைப்பு’ அல்ல என்று மட்டும் சொல்லியிருந்தால், அங்கே மேலும் வாதாடிப் பயனில்லை.

ஆனால் இல்லாத பட்டியலைப் புதிதாகத் தயாரித்துத் தரும் கடமை அரசு வழக்கறிஞருக்கும் இல்லை. ஆகவே ஏற்கெனவே உள்ள பதிவுகளின் நகலையே கேளுங்கள்.