இரண்டு கோடுகள்

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சிக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். சிறு வயதில் என் அப்பத்தா விடியற்காலையில் வாசல் தெளித்து முடித்ததும் கிழக்கே திரும்பிக் கும்பிடுவார். பக்கத்தில் நின்று நானும் கும்பிடுவேன். கிரகணத்தன்று தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி வைத்து, அது சாயும்வரை எங்களை வெளியே விடமாட்டார். இன்று எனக்குச் சூரியன் என்பது ஹைட்ரஜனும் ஹீலியமும் சேர்ந்த ஒரு வாயுக்கோளம். அதன் நிறை, ஆரம், மேற்பரப்பு வெப்பநிலை மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அப்பத்தாவிடம் இருந்த ஏதோ ஒன்று என்னிடம் இல்லை. அறிவு உலகைத் தெளிவாக்குகிறது, அந்தத் தெளிவே அதை வெறுமையாக்கியும் விடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அண்மையில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் பேசிய ஒருவர், அறிய அறிய உலகம் மர்மமாகிக்கொண்டே போகிறது என்றார். எனக்கு அப்படி நேரவில்லை. இரண்டில் எது உண்மை?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

அந்தப் பேச்சாளர் சொன்ன வாக்கியத்தைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். அதை நான் முழுதாக நம்புவதில்லை. எல்லாமே மர்மத்தில்தான் முடியும் என்றால் ஒன்றைக் கற்றுத் தெளிய எதற்காக வருந்த வேண்டும் என்ற சோர்வுக்கு அது எளிதில் துணைபோய்விடுகிறது. தெளிவு உலகை வெறுமையாக்குகிறது என்ற உங்கள் முடிவையும் என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் சூரியனை எடுத்துக்காட்டியிருப்பதால் நானும் சூரியனை விட்டு விலகாமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஒகஸ்த் கோம்த் 1835-இல், விண்மீன்களின் தொலைவையும் அளவையும் இயக்கத்தையும் மனிதன் அறியக்கூடும், ஆனால் அவை எந்தப் பொருள்களால் ஆனவை என்பதை எந்நாளும் அறிய முடியாது என்று எழுதினார். அன்றைய நிலையில் அது நியாயமான கூற்றுதான். கையில் எடுத்து உலையில் இட்டுப் பார்க்க முடியாத ஒன்றின் வேதியியலை அறிய அப்போது வழியே இருக்கவில்லை. கோம்த் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1859-இல், ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் இயற்பியலாளர் கிர்க்காஃபும் வேதியியலாளர் புன்சனும் அந்த வழியைக் கண்டார்கள். சூடேறிய ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறக்கோடுகளை உமிழ்கிறது, அந்தக் கோடுகளை வேறெந்தத் தனிமமும் உமிழ்வதில்லை என்பதே அது. அதன் பிறகு ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் ஒரு முப்பட்டகத்தை வைத்துக்கொண்டு பல கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்தே சூரியனின் பொருளைப் படிக்க முடிந்தது.

1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் இந்தியாவைக் கடந்து சென்றது. பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் ஜான்சன் குண்டூரில் தம் கருவிகளை நிறுவினார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் காத்திருந்தார். சூரிய விளிம்பிலிருந்து எழும் செந்நிறத் தீநாக்குகளின் நிறமாலையில், அதாவது அவற்றின் ஒளியைப் பிரித்துப் பெற்ற நிற வரிசையில், ஒரு மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிந்தது. முதலில் அது சோடியத்தின் கோடு என்றே பலர் எண்ணினார்கள். ஆனால் சோடியத்தின் இரட்டைக் கோட்டிலிருந்து அது சற்றே விலகி நிற்கிறது என்பதை இங்கிலாந்தில் வானியலாளர் லாக்கியர் அடுத்த சில மாதங்களில் உறுதிசெய்தார். பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் அதைப் புதிய தனிமம் என்று துணிந்து, சூரியனுக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். வேதியியலாளர்கள் பலர் இதைக் கால் நூற்றாண்டுக் காலம் ஐயத்துடனேயே பார்த்தார்கள். 1895-இல் லண்டனில் வேதியியலாளர் ராம்சே ஒரு யுரேனியத் தாதிலிருந்து வெளிவந்த வாயுவில் அதே மஞ்சள் கோட்டைக் கண்டபோது ஐயம் தீர்ந்தது.

இதற்கிடையில், 1869 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவில் தெரிந்த முழுக் கிரகணத்தில் யங், ஹார்க்னஸ் என்ற இருவர் கொரோனாவை ஆராய்ந்தார்கள். (பெருந்தொற்றுக்குப் பிறகு இந்தச் சொல் நமக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது, நான் சொல்வது சூரியனைச் சூழ்ந்திருக்கும் வெண்ணிற ஒளிமகுடத்தை.) அதன் நிறமாலையில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. அதுவும் பூமியில் அறிந்த எதனோடும் பொருந்தவில்லை. மஞ்சள் கோட்டுக்குச் செய்த அதே வாதத்தை இதற்கும் செய்து, இன்னொரு புதிய தனிமம் இருப்பதாகக் கொண்டு, அதற்குக் கொரோனியம் என்று பெயரிட்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1869-இல் இருந்த ஒருவருக்கு இந்த இரண்டு கோடுகளுக்கும் வேறுபாடு இல்லை. கருவி ஒன்று, நியாயம் ஒன்று, ஐயமும் ஒன்றுதான். எந்தக் கோடு தெளிவில் முடியும், எந்தக் கோடு புதிரில் முடியும் என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கொரோனியம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வாழ்ந்தது. 1913-இல் இயற்பியலாளர் மோஸ்லி, தனிமங்களின் வரிசையைத் தீர்மானிக்கும் அணு எண்ணை அளக்கும் முறையைக் கண்டபின், தனிம வரிசையில் எங்கெங்கே இடைவெளி உண்டு என்பது எண்ணிச் சொல்லக்கூடியதாகிவிட்டது. கொரோனியத்துக்கு அங்கே இடம் இருக்கவில்லை. ஜெர்மனியின் குரோட்ரியன் காட்டிய தடத்தில் சென்று, 1940-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் எட்லென் விடையைக் கண்டார். அந்தப் பச்சை ஒளி நம் அரிவாளிலும் கடப்பாரையிலும் இருக்கும் அதே இரும்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் அது தன் 26 எலக்ட்ரான்களில் 13-ஐ இழந்த இரும்பு. அந்த அணு அடுத்த மோதலுக்கு முன் நெடுநேரம் தனித்து இருந்தால்தான் அந்தக் கோட்டை உமிழும். அவ்வளவு அருகிய வாயு எந்த ஆய்வகக் குடுவையிலும் இருக்கவில்லை. அதனால்தான் பூமியில் எவரும் அதைக் கண்டதில்லை.

ஆக, தனிமம் பற்றிய மர்மம் தீர்ந்தது. தீர்ந்த அதே கணத்தில் அதைவிடப் பெரிய ஒன்று எழுந்தது. இரும்பிலிருந்து 13 எலக்ட்ரான்களைப் பறிக்க வேண்டுமானால் வெப்பநிலை பத்து லட்சம் பாகைக்கு மேல் இருந்தாக வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ்தான். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறையும் என்பதை எல்லோரும் அறிவோம். குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாகப் பாயாது என்பதை நீங்கள் விதியாகவே கற்பிக்கிறீர்கள். அப்படியிருக்க, சூரியனை விட்டு வெளியே செல்லச் செல்ல ஏன் சூடு இத்தனை மடங்கு ஏறுகிறது? காந்தப்புலமே ஆற்றலை மேலே கொண்டுசெல்கிறது என்பதில் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. 1942-இல் ஆல்ஃபென் முன்வைத்த காந்த அலைகள் அதைச் செய்கின்றனவா, 1988-இல் பார்க்கர் சொன்னதுபோல எண்ணற்ற சிறு வெடிப்புகள் செய்கின்றனவா, இரண்டும் சேர்ந்தென்றால் எதன் பங்கு எவ்வளவு என்பது இன்றும் முடிவாகவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. தெரியாதது எல்லாம் புதிர் ஆகிவிடாது. ஒன்று இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக எதிர்பார்க்கும் அளவுக்கு அறிந்த பிறகு, அது அப்படி இல்லாமல் இருப்பதுதான் புதிர். கொரோனாவின் வெப்பம் உங்கள் அப்பத்தாவுக்குப் புதிராக இருக்கவில்லை. கோம்துக்கும் இல்லை, குண்டூரில் நின்ற ஜான்சனுக்கும் இல்லை. நிறக்கோடுகளையும், அணு எண்ணையும், எலக்ட்ரான்களின் அடுக்கையும், வெப்பவியல் விதிகளையும் ஐயமறக் கற்றவர்களுக்கே அது கிடைத்தது. ஹீலியத்தின் கோட்டில் இன்று எந்த மர்மமும் இல்லை, இருப்பதாக நாம் பாவனை செய்யவும் வேண்டியதில்லை. சில இடங்களில் அறிவு வெளிச்சத்தை மட்டுமே தருகிறது, அதுவே போதுமானது.

அப்பத்தாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விடியலில் அவர் கும்பிட்டது மர்மத்தை என்று நான் நினைக்கவில்லை. தம் வெள்ளாமையும் தம் பிள்ளைகளின் சோறும் எதனால் நடக்கின்றன என்பதை அவர் ஐயமின்றி அறிந்திருந்தார். அந்த நன்றியைத்தான் தெரிவித்தார். அந்த உறவை உங்கள் பட்டம் பறிக்கவில்லை. நாளை காலையே நீங்கள் கிழக்கே திரும்பி நிற்கலாம், ஒளிச்சேர்க்கையை அறிந்தவர் என்ற முறையில் அவரைவிடக் கூடுதல் காரணத்தோடே நிற்கலாம். உலக்கையோடு வந்த அச்சம் போனதற்காக மட்டும் நான் வருந்தமாட்டேன். கர்ப்பிணிப் பெண்களை இருட்டறையில் பட்டினியாக உட்காரவைத்த அச்சம் அது. 2019 டிசம்பர் 26 காலை, திண்டுக்கல் அருகே ஒரு வெட்டவெளியில் கங்கண கிரகணத்தின் நெருப்பு வளையத்தைப் பார்த்தேன். சுற்றி நின்ற சிறுவர்கள் கண்ணாடியைக் கைமாற்றிக்கொண்டு கூவினார்கள், ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. அந்த மெல்லிய வளையத்தின் ஒளியே கொரோனாவை முற்றிலும் மறைத்துவிட்டது என்பதையும், அது அங்கேதான் பத்து லட்சம் பாகையில் விரிந்து கிடக்கிறது என்பதையும் அறிந்து பார்த்ததால் எனக்கு உடல் சிலிர்த்தது.

நீங்கள் உணரும் வெறுமைக்கு வேறொரு காரணத்தைச் சந்தேகிக்கிறேன். நமக்கு விடைகள் மட்டும் கொடுக்கப்பட்டன, அவற்றைப் பெற்றுத் தந்த கேள்விகள் கொடுக்கப்படவில்லை. ‘மேற்பரப்பு 5,500 பாகை’ என்பது மதிப்பெண்ணுக்கான வரியாக வந்து, அடுத்த வரியாக வர வேண்டிய கொரோனா வராமலேயே பாடம் முடிந்துவிடுகிறது.

உங்கள் ஆய்வகத்தில் நிறமாலைமானியும் சோடியம் ஆவி விளக்கும் இருக்கும். அடுத்த செய்முறை வகுப்பில் மாணவர்கள் அந்த மஞ்சள் ஒளியைப் பார்க்கும்போது, சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளத்தில் நிற்கின்றன, குண்டூரில் தெரிந்தது 587.6-இல் நின்றது என்பதைச் சொல்லுங்கள். அந்தச் சிறு இடைவெளியில் ஒரு தனிமமே இருந்தது. பிறகு 530.3 நானோமீட்டர் பச்சைக் கோட்டின் கதையைச் சொல்லுங்கள். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆதித்யா எல்-1 விண்கலம் இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அது ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அதிலுள்ள கொரோனா ஆய்வுக் கருவியை உருவாக்கியது, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்திவரும் இந்திய வானியற்பியல் நிறுவனம். அந்தக் கருவி பதிவுசெய்யும் கோடுகளுள் 1869-இன் அதே பச்சைக் கோடும் ஒன்று. இதைக் கேட்டதும் உங்கள் மாணவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் சொற்களிலேயே எனக்கு எழுதுங்கள்.