வளாகப் போலீசை நம்பி மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு கலிபோர்னியாவில், யுசி டேவிஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் முகத்தில் கேம்பஸ் போலீஸ் மிளகு ஸ்பிரே அடிக்கும் பழைய வீடியோவை உறவினர் ஒருவர் அனுப்பினார். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அவர்கள் நிஜப் போலீஸா, வாட்ச்மேன்களா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: நிஜப் போலீஸ்தான் அம்மா. துப்பாக்கி உண்டு, கைது செய்யும் அதிகாரமும் உண்டு. அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தது யேல் பல்கலைக்கழகம். அங்கே மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஓயாத சண்டை. 1894-இல் நியூ ஹேவன் நகரப் போலீசிலிருந்து இரண்டு பேரை வளாகத்துக்கென்றே ஒதுக்கினார்கள்.

நீங்கள் பார்த்த வீடியோ 2011 நவம்பர் 18 அன்று எடுத்தது. புல்வெளியில் கூடாரம் போட்டுப் போராடிய மாணவர்களில் சிலர், கைகோத்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். லெப்டினன்ட் பதவியில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரி அந்த வரிசை நெடுக நடந்தபடியே ஸ்பிரே அடித்தார். மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி குரூஸ் ரெய்னோசோ தலைமையில் ஒரு குழு விசாரித்து, 2012 ஏப்ரலில் அறிக்கை தந்தது. இது நடக்காமல் தடுத்திருக்கலாம், தடுத்திருக்க வேண்டும் என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறார்கள்.

படித்தபோது எனக்கு ஸ்பிரேயைவிட அதற்கு முந்தைய பக்கங்கள்தான் அதிர்ச்சி. கூடாரங்களில் வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள் என்று நிர்வாகத்துக்குப் பயம். அது உண்மையா என்று சரியாக விசாரிக்கவில்லை. பட்டப்பகலில், பிற்பகல் 3 மணிக்குப் போலீசை இறக்கியதற்கு முதல் பொறுப்பு பல்கலைக்கழகத் தலைவர் மீதே விழுந்தது. போலீஸ் துறைக்குள் போலீஸ் தலைவர் சொல்வதை லெப்டினன்ட்கள் கேட்பதில்லை. அடித்த ஸ்பிரே டப்பாவோ அந்தத் துறையில் அனுமதிக்கப்படாத ரகம். அதைக் கையாளப் பயிற்சியும் தரவில்லை. போலீஸ் தலைவர் பதவி விலகினார். வழக்குத் தொடுத்தவர்களோடு பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

மகளை அனுப்புங்கள். இவ்வளவையும் பல்கலைக்கழகமே குழு போட்டு விசாரித்து ஊரறிய வெளியிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கேம்பஸ் போலீஸ் அதிகாரிகளுக்குத் 'தலைமைப் பயிற்சி' தருகிறார்களாமே? சட்டமும் துப்பாக்கியும் தெரிந்தால் போதாதா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள் தம்பி. அன்றைக்குத் தவறியது குறியா? உத்தரவு போட்டவர், வாங்கியவர், நிறைவேற்றியவர் என்று வரிசையாகத் தவறினார்கள்.

இதில் பேர்போனது வர்ஜீனியா மாநிலம் குவான்டிகோவில் எஃப்.பி.ஐ. நடத்தும் நேஷனல் அகாடமி. 1935-இல் தொடங்கியது. பத்து வாரம் அங்கேயே தங்கி சட்டம், குற்ற மனப்போக்கு, பத்திரிகைகளைச் சந்திப்பது, தலைமை வகிப்பது எல்லாம் படிக்கிறார்கள். நகரப் போலீசோடு பல்கலைக்கழகப் போலீஸ் அதிகாரிகளும் தேர்வாகிறார்கள். முடிவில் காட்டுக்குள் 6.1 மைல் ஓட்டம்: சுவர் ஏறி, கயிறு பிடித்து, சேற்றில் தவழ்ந்து வந்தால் ஒரு மஞ்சள் செங்கல் பரிசு. அதை மேசையில் வைத்துக்கொள்வது அவர்களுக்குப் பெரிய கௌரவம்.

ஓடட்டும், நல்லதுதான். ஆனால் வளாகப் போலீஸ் தலைவர், போலீசே அல்லாத ஒரு பல்கலைக்கழக நிர்வாகிக்குக் கீழே வேலை செய்பவர். அந்த நிர்வாகி பதற்றத்தில் தவறான உத்தரவு போடும்போது, "இப்போது வேண்டாம், இன்ன காரணம்" என்று கூட்டத்திலேயே மறுத்துச் சொல்லும் தைரியம் அவருக்கு வேண்டும். பத்து வாரத்தில் அந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்பினாலே பெரிய லாபம் என்பேன். எதிரே உட்கார்ந்திருப்பது பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் அல்லவா?

கேள்வி: ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் பாதுகாப்பானதா என்று இங்கிருந்தே எப்படிப் பார்ப்பது?
– தந்தை, மதுரை

பதில்: 1986-இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி மத்திய அரசின் மாணவர் நிதியுதவி பெறும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மூன்று வருடக் கணக்கு இருக்கும். பாலியல் குற்றங்கள், வழிப்பறி, விடுதிக்குள் நடந்தவை ஆகிய வரிகளை முதலில் பாருங்கள். எண் பூஜ்யமாக இருந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். புகார் கொடுக்கவே பிள்ளைகள் தயங்குகிறார்களா என்று அங்கே படிக்கும் நம் மாணவர்களிடம் கேளுங்கள். அப்புறம், இரவில் நூலகத்திலிருந்து அறை வரை துணைக்கு வரும் சேவை இருக்கிறதா, எத்தனை மணி வரை என்றும் விசாரித்து, அந்த எண்ணைப் பிள்ளையின் போனில் பதிந்து அனுப்புங்கள்.