போதகரும் ஆராயலாம்

கேள்வி: கிறிஸ்தவ விசுவாசத்தையும் திருச்சபை ஊழியத்தையும் ஆராய்வோருக்கு உதவும் அமெரிக்காவின் லூயிவில் இன்ஸ்டிடியூட்டுக்கு நிதி எங்கிருந்து வருகிறது? அது தரும் உதவித்தொகை பேராசிரியர்களுக்கு மட்டும்தானா?

பதில்: கென்டக்கியிலுள்ள லூயிவில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியைத் தளமாகக் கொண்ட அந்நிறுவனத்துக்கு, லில்லி குடும்பத்தினர் மூவர் தம் மருந்து நிறுவனப் பங்குகளை நன்கொடையாக அளித்து 1937-இல் இண்டியானாபொலிஸில் நிறுவிய லில்லி அறக்கட்டளை நிதி வழங்குகிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதுவோருக்கும் பேராசிரியர்களுக்கும் உதவுவதோடு, போதகர்கள் தம் ஊழியத்தில் எழும் கேள்விகளைத் தாமே ஆராயவும் அது தனி உதவித்தொகை தருகிறது. நோயாளியின் படுக்கையருகே ஜெபித்த அனுபவத்தையும் ஆய்வுக்குரியதாக மதிக்கும் இந்த ஏற்பாட்டையே நான் பெரிதும் போற்றுகிறேன். வட அமெரிக்கக் கிறிஸ்தவர்களின் சமய வாழ்வை வளப்படுத்துவதே அதன் நோக்கமாதலால், விண்ணப்பிப்பவரின் ஆய்வுப்பொருள் அங்குள்ள சபை வாழ்வோடு தொடர்புடையதாக இருத்தல் வேண்டும்.