பேசி முடிக்குமுன் பேச்சு பறிபோகிறதே!

கேள்வி: மகனின் பிறப்புப் பதிவில் பெயர்ப் பிழை. மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி அலுவலகம் போனேன். "மகன் ஆஸ்பத்திரியில் பிறந்தான். மாமாதான் பெயரைப் பதிந்தார்" என்றதுமே உத்தியோகத்தர் "படிவம் எடுத்து வாருங்கள்" என்று அடுத்தவரைப் பார்த்துவிட்டார். வெளியே நின்றவர் 1,500 ரூபாய் தந்தால் தானே பேசித் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தரகர் வாயைத் திறந்ததும் நீங்கள் வெறும் "இந்த அம்மா" ஆகிவிடுவீர்கள். கேள்வி அவரிடம் போகும்; தெரியாததை ஊகித்துச் சொல்வார். ஒரு பிழையைத் திருத்தப் போய் இரண்டோடு வீடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உத்தியோகத்தர் வேண்டுமென்றே வெட்டினார் என்று நினைக்காதீர்கள். 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடைவெளி சராசரியாக 0.2 வினாடி அளவுதான். ஆகவே கேட்பவர், நீங்கள் எங்கே முடிப்பீர்கள் என்று முன்கூட்டியே கணித்துக்கொண்டிருப்பார். தமிழில் "பதிந்தார்" என்று முற்று வினை விழுந்தால் கதவு திறந்த மாதிரி. "மாமா பெயரைப் பதிந்து, அதில் ஓரெழுத்து மாறி..." என்று எச்சத்தில் மூச்சு வாங்குங்கள், உள்ளே புக எவரும் தயங்குவார்கள். முற்று விழுந்துவிட்டால் உடனே "பிறகு" என்பதற்கு நாம் சொல்லும் நம்மூர் "மறுகா"வைப் போடுங்கள். கதை முடியவில்லை என்பது மட்டக்களப்பில் குழந்தைக்கும் விளங்கும்.

ஆஸ்பத்திரிக் கதையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். "பெயரில் எழுத்துப்பிழை திருத்த வேண்டும், இரண்டு விஷயம் கேட்க இருக்கிறது" என்றே தொடங்குங்கள். இரண்டென்று சொன்னவரை ஒன்றோடு அனுப்புவது கடினம்.

குறுக்கே பேசாதீர்கள். ஆனால் அவர் பெயரை எழுதும்போது "ழ" இருக்கவேண்டிய இடத்தில் "ள" போட்டால், பாதி வாக்கியத்திலும் வெட்டுங்கள். "மழைக்கு வரும் ழ" என்று சொல்லோடு சேர்த்துச் சொல்லுங்கள். மரியாதை பார்த்து நான்கு வரி கழித்துச் சொன்னால், எந்த எழுத்தென்று அவர் தேடுவதற்குள் பின்னாலிருப்பவர் கோப்பை நீட்டிவிடுவார். அடையாள அட்டை இலக்கத்துக்கும் திகதிக்கும் இதேதான். அவர் முகம் கோணினால் கோணட்டும். பிழையான பத்திரத்தோடு அலையப்போவது நீங்கள்.

கவுண்டர் கண்ணாடியில் வயிற்றுயரத்தில் ஓட்டை போட்டவரைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. குனிந்து பேசுபவருக்கு எதிரிலிருப்பவரின் முகமே தெரியாது. தன் முறை எப்போது என்று எதைப் பார்த்து அறிவது? உங்கள் கவுண்டரும் அப்படியென்றால் பக்கவாட்டில் நின்று பேசுங்கள். படிவத்தையும் முதலில் உள்ளேயே கேளுங்கள்.