மகனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எதையும் மறைக்காதீர்கள்

தங்கச்சி, விசுவமடுவிலிருந்து லண்டன் வந்து கொஞ்ச நாள்தான், எட்டு வயது மகனுக்கு நடையும் பேச்சும் கஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். முழுவதையும் சொன்னால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்களோ, விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ, கொஞ்சம் மறைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மறைக்காதீர்கள். சொன்னால்தான் இங்கே உதவி வரும்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறதென்று எனக்கு விளங்குகிறது. என் தம்பி 2009இல் போரில் செல் விழுந்து ஒரு காலை இழந்தவன். மீளக்குடியேறிய பிறகு அம்மா அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனா. அதிபர் ஏசவில்லை, "ஏலாத பிள்ளையை ஏன் அம்மா அலைக்கழிக்கிறீங்கள்" என்று தன்மையாகத்தான் கேட்டார். அம்மா கெஞ்சித்தான் சேர்த்தா. மலசலகூடத்துக்குப் படி ஏற வேண்டும், பிடிக்கக் கம்பி கிடையாது. அதனால் தம்பி காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவான். வன்னி வெயிலில், பள்ளிக்கூடம் விட்டு வீடு வரும்வரை. கொஞ்ச நாளில் நின்றுவிட்டான். புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு குறையும் என்று பிந்திப் படிக்கும் பிள்ளைகளைத் தட்டிக்கழிக்கிற கதையும் உங்களுக்குத் தெரியாததல்ல.

இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்று இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. அம்மாவுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. உரிமையாகக் கேட்க வேண்டியதைக் கும்பிட்டுக் கேட்டா. அந்தப் பழக்கத்தை நாங்கள் இங்கேயும் கொண்டுவருகிறோம் என்பதுதான் என் கவலை.

சரி, இங்கிலாந்து நிலைமைக்கு வருகிறேன். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, பள்ளிக்கூடம் உங்கள் மகனுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு சாதாரண அரச பள்ளியிலும் 'சென்கோ' என்று ஒரு ஆசிரியர் இருப்பார், இப்படியான பிள்ளைகளுக்குப் பொறுப்பு அவர்தான். முதலில் அவரைப் பிடியுங்கள். கூடுதல் உதவி தேவையென்றால் 'ஈ.எச்.சி. பிளான்' வேண்டும், பிள்ளைக்கு என்னென்ன உதவி தர வேண்டும் என்று உள்ளூர் கவுன்சில் எழுதித் தரும் சட்டப்படியான திட்டம் அது. அதற்கான மதிப்பீட்டைக் கேட்டு நீங்களே கவுன்சிலுக்கு எழுதலாம், பள்ளிக்கூடம் சம்மதிக்க வேண்டுமென்றில்லை. மதிப்பிடுவார்களா இல்லையா என்று 6 வாரத்துக்குள் பதில் தர வேண்டும், திட்டம் கொடுப்பதென்றால் மொத்தம் 20 வாரத்துக்குள். பல கவுன்சில்கள் இழுத்தடிக்கும். மறுத்தால் மனம் விடாதீர்கள், தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு, மறுப்புக் கடிதத்தை மேசையில் போட்டு வைக்காதீர்கள்.

இன்னொன்று. "இன்றைக்குப் பிள்ளையைப் பார்க்க ஆள் காணாது, மத்தியானமே வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பள்ளிக்கூடத்திலிருந்து அடிக்கடி போன் வந்தால், நல்ல மனிசர்தானே என்று பேசாமல் போய்க் கூட்டி வராதீர்கள். இடைநிறுத்தம் என்று முறைப்படி பதியாமல் அப்படி அனுப்புவது சட்டவிரோதம். காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, அரச பள்ளிக்கூடப் படிப்பு 'பொது நிதி' கணக்கில், அதாவது சில விசாக்காரர் எடுக்கக்கூடாத அரச உதவிகளின் கணக்கில், வராது. ஆனால் இயலாமையுள்ள பிள்ளைக்கு அரசு தரும் டி.எல்.ஏ. என்ற உதவிக் காசு அந்தக் கணக்கில் வரும். உங்கள் விசாவில் பொது நிதி பெற முடியாது என்று இருந்தால், லோயரிடம் கேட்காமல் அதற்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

கிளிநொச்சி கிளினிக் கொப்பி இருந்தால் எறிந்துவிடாதீர்கள், ஜி.பி. என்ற குடும்ப வைத்தியருக்கும் சென்கோவுக்கும் காட்டுங்கள். சந்திப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள், மூத்த மகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். தன் தம்பியின் கஷ்டங்களைப் பற்றிய பேச்சை அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கவுன்சிலுக்கான கடிதத்தைத் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், ஆங்கிலத்தில் ஆக்கித் தருகிறேன்.