மால்ட் பாகை எப்போது ஊற்றுவது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கருங்கல். வேலை மெல்போர்னில். அங்கே மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் சாற்றைச் சுண்டவைத்தது) வாங்கி வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன். தண்ணீர் கொதித்ததும் மொத்தத்தையும் ஊற்றி ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறேன். பீர் கறுத்துப்போய், கருகல் வாடை வேறு. எப்போது சேர்க்க வேண்டும்? பாகு வாங்குவதா, பொடியா? இப்போது விடுமுறையில் வந்திருக்கிறேன். திரும்பும்போது கருப்பட்டி கொண்டுபோய்ச் சேர்க்கலாமா?

பதில்: எதைச் செய்தாலும் மெல்போர்னில் செய்யுங்கள். இங்கே தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அம்மாவின் அடுப்பில் ஒத்திகை வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரக் கொதி, பீரில் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு இறங்குவதற்குத்தான். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் ஆலையிலேயே ஊறி, வடிந்து, சுண்டி வந்த சரக்கு. அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. கால் பங்கைத் தொடக்கத்திலும் மீதியைக் கடைசிப் பதினைந்து நிமிடத்திலும் சேருங்கள். நிறம் வெளிறும்.

கருகலுக்குக் காரணம் நேரமல்ல, தீ. பாகு கனமானது, நேரே அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுங்கள். கரண்டியால் அடியைச் சுரண்டிப் பார்த்து, ஒன்றும் தட்டுப்படாத பிறகே மறுபடி பற்றவையுங்கள். நம் ஊரில் அக்கானி (பதநீர்) காய்ச்சுகிறவர்கள் பாகு இறுகும் நேரத்தில் துடுப்பைக் கீழே வைப்பதுண்டா? நுரை பொங்கும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். மறுபடி கொதி வந்த பிறகு நிமிடத்தை எண்ணுங்கள்.

ஒரு கிலோ பாகும் ஏறத்தாழ 800 கிராம் பொடியும் சமம். விலையை அந்தக் கணக்கில் ஒப்பிடுங்கள். பாகு நாள்பட்டால் டின்னுக்குள்ளேயே கறுக்கும். தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று எடுக்கும் முன் தேதியைப் பாருங்கள். உங்கள் பீரின் கறுப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பொடி ஈரம் படாமல் இருந்தால் நெடுநாள் தாங்கும். ஆனால் ஆவி பட்டதும் கட்டிதட்டும் என்பதால் ஆறிய நீரில் கரைத்து ஊற்றுங்கள். ஹாப்ஸ் ஏற்கெனவே சேர்த்த டின் என்றால் கொதிக்கவே வைக்காதீர்கள்.

கருப்பட்டி தாராளமாகச் சேர்க்கலாம், கடைசிப் பத்து நிமிடத்தில். அதன் இனிப்பில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும், மிஞ்சுவது மணம்தான். 20 லிட்டருக்குக் கால் கிலோவில் தொடங்குங்கள். அக்கானி இறக்கும் கலயத்தில் தடவிய சுண்ணாம்பும் மண்ணும் கருப்பட்டியில் இருக்கும். வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள். மலிவாகக் கிடைப்பதில் சீனி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சீனியை விமானத்தில் சுமப்பானேன்? தெரிந்த காய்ச்சுபவரிடம் வாங்குங்கள். மெல்போர்ன் விமான நிலையப் படிவத்தில் உணவுப்பொருள் என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் அபராதம் கருப்பட்டி விலையைப்போல் பல மடங்கு.